ஒரே காயம், மூன்று கிரேடு: திறந்த எலும்பு முறிவு பற்றி வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

தோல் கிழிந்து, முறிந்த எலும்புக்கும் வெளிக்காற்றுக்கும் வழி ஏற்பட்டுவிட்டால் அது ‘ஓபன் ஃபிராக்சர்’. பழைய கேஸ் ஷீட்டுகளில் ‘காம்பவுண்ட்’ என்று இருக்கும். கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் இதுபற்றி அனுப்பிய கேள்விகள் பலவும் ‘கிரேடு’ என்ற சொல்லையே சுற்றி வந்தன. எலும்பு முறிவு மருத்துவர்கள் எழுதிய பதில்கள் இங்கே.

கேள்வி: கன்னியக்கோவில் பக்கம் பைக்கிலிருந்து விழுந்ததில் என் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. முதலில் பார்த்த மருத்துவமனைச் சீட்டில் ‘கிரேடு 2’ என்று எழுதினார்கள். அங்கிருந்து அனுப்பிய பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ‘3ஏ’ என்றார்கள். ஆபரேஷன் முடிந்து வந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘3பி’ என்று இருக்கிறது. ஒருவர் சரி என்றால் மற்ற இருவரும் தவறா? இல்லை, போகிற வழியில் காயம் மோசமாகிவிட்டதா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மூவரும் தங்கள் கண்ணுக்குத் தெரிந்ததைச் சரியாகவே எழுதியிருக்கலாம். அளவுகோல் எப்படிப்பட்டது என்று பார்த்தால் இது புரியும்.

அமெரிக்காவின் மினியாபொலிஸில் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரு மருத்துவர்கள் 1,025 திறந்த முறிவுகளை ஆராய்ந்து 1976இல் வெளியிட்ட வகைப்பாடு இது. முதல் வகையில் காயம் 1 செ.மீ.க்குள் இருக்கும், சுத்தமாக இருக்கும். பெரும்பாலும் எலும்பின் கூர்முனை உள்ளிருந்து குத்திய துளைதான். இரண்டாம் வகையில் காயம் 1 செ.மீ.க்கு மேல் போகும், ஆனால் தோலும் தசையும் பெரிதாகச் சிதைந்திருக்காது. மூன்றாம் வகை, பலத்த விசையில் எல்லாம் நசுங்கிப்போனது. இந்த மூன்றாவதற்குள் நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்ததால் 1984இல் கஸ்டிலோ குழுவினரே அதை மூன்றாகப் பிரித்தார்கள். சிதைவு இருந்தாலும் எலும்பை மூடுவதற்குச் சொந்தத் தோலும் தசையும் மிச்சம் இருந்தால் 3ஏ. எலும்பின் மேலுறை உரிந்து, எலும்பு திறந்து கிடந்து, வேறு இடத்துச் சதையைத் திருப்பி மூடும் ‘ஃபிளாப்’ தேவைப்பட்டால் 3பி. இரத்தக் குழாயைச் சீர்செய்தே ஆக வேண்டிய காயம் 3சி.

முதலில் பார்த்தவர் கட்டைப் பிரித்து வெளிக்காயத்தை மட்டும் பார்த்திருப்பார். இரண்டாமவர் எக்ஸ்ரேயில் எலும்பு பல துண்டாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்திருப்பார். மூன்றாமவர் தியேட்டரில் மயக்கம் கொடுத்து, காயத்தை விரித்து, செத்த தோலையும் தசையையும் வெட்டி எடுத்த பிறகு பார்த்திருக்கிறார். வெட்டி எடுத்ததும் மூடப் போதுமான தோல் இல்லாமல் போய், 3ஏ என்றிருந்தது 3பி ஆகியிருக்கும். அளவுகோலைச் சரியாகப் பயன்படுத்துவது என்றால் இந்த மூன்றாவது கட்டத்தில்தான் கிரேடு போட வேண்டும். முன்பு எழுதியவை எல்லாம் தற்காலிகக் குறிப்புகள்.

காயம் வழியில் மோசமாகியிருக்கவும் கூடும். சக்கரம் ஏறி இறங்கிய காலில், தோலுக்கு அடியிலுள்ள இணைப்புகள் அறுந்து போயிருக்கும். கீழே விழுந்த மாம்பழத்தைப் போல அன்றைக்கு மேல்தோல் நன்றாகவே இருக்கும், ஓரிரு நாளில் கறுத்துவிடும். அதற்கு யார் கவனக்குறைவும் காரணமில்லை.

இதையெல்லாம் தாண்டி இன்னொன்றும் உண்டு. ஒரே நோயாளியை, ஒரே தகவல்களோடு, ஒரே கட்டத்தில் காட்டினாலும் மருத்துவர்கள் ஒரே கிரேடு சொல்வதில்லை. 1994இல் ப்ரம்பேக், ஜோன்ஸ் என்ற இருவர் 12 கால் எலும்பு முறிவுகளை வீடியோவாக்கி, 245 எலும்பு முறிவு நிபுணர்களிடம் காட்டி வகைப்படுத்தச் சொன்னார்கள். சராசரி ஒப்புதல் 60 சதவீதம். ஒரு நோயாளி விஷயத்தில் 94 சதவீதம் பேர் ஒத்துப்போனார்கள். இன்னொருவர் விஷயத்தில் ஒத்துப்போனவர்கள் 42 சதவீதம்தான்.

காரணம் அளவுகோலின் சொற்களிலேயே இருக்கிறது. ‘பெரிதாகச் சிதையவில்லை’ என்றால் எவ்வளவு? ‘போதுமான தோல்’ என்றால் யார் கைக்குப் போதுமானது? அளந்து பார்க்கும்படி இருப்பது 1 செ.மீ. என்ற ஒன்றுதான், அதுவும் கடுமையைச் சரியாகக் காட்டுவதில்லை. 3பி-யின் இலக்கணமோ காயத்தோடு சிகிச்சையையும் சேர்த்துக் கட்டுகிறது. பிளாஸ்டிக் சர்ஜன் பக்கத்திலேயே இருக்கும் மருத்துவமனையில் அன்றே ஃபிளாப் போட்டு ‘3பி’ என்று எழுதுவார்கள். அவர் இல்லாத இடத்தில் கசிவை உறிஞ்சும் வாக்குவம் டிரெஸ்ஸிங் வைத்து இரண்டு மூன்று வாரம் சதை வளரவிட்டு, மேலே தோல் ஒட்டுப் போட்டு ‘3ஏ’ என்று எழுதிவிடக்கூடும். இரண்டும் ஒரே காயம்தான். இந்த வகைப்பாட்டின் பெரிய ஓட்டை இது என்பது எங்கள் கருத்து.

அதனால் விளைவே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1984 ஆய்வில் கிருமித் தொற்று 3ஏ காயங்களில் 4 சதவீதம், 3பி காயங்களில் 52 சதவீதம். ஒரு எழுத்து மாறினால் குடும்பத்துக்குச் சொல்லும் எதிர்பார்ப்பே மாறிவிடும். எனவே கிரேடு என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல், “எலும்பை மூடத் தோல் இருக்கிறதா, எலும்பு எவ்வளவு போயிருக்கிறது, பாதத்துக்கு இரத்தம் ஓடுகிறதா, உள்ளங்காலில் உணர்ச்சி இருக்கிறதா” என்று நான்கையும் கேளுங்கள். இதற்குக் கிடைக்கும் பதில் மருத்துவருக்கு மருத்துவர் அவ்வளவாக மாறாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மருத்துவர்களின் ஒப்புதலை ‘காப்பா’ என்ற எண்ணால் சொல்கிறார்கள் என்று படித்தேன். நூற்றுக்கு எத்தனை என்று சொன்னால் போதாதா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: போதாது. குருட்டாம்போக்கில் சொன்னாலும் கொஞ்சம் ஒத்துப்போகும், அதைக் கழிக்க வேண்டும். கோஹன் என்பவர் 1960இல் கொடுத்த சூத்திரம் அதற்குத்தான். கணித ஆசிரியர் என்பதால் கணக்காகவே போட்டுவிடுவோம்.

இரண்டு மருத்துவர்கள் 100 காயங்களைப் பார்த்து ‘3பி-யா, இல்லையா’ என்று மட்டும் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஆளுக்கு 20 காயங்களை 3பி என்கிறார்கள். அந்த இருபதில் 10 மட்டுமே இருவருக்கும் பொது. இருவருமே ‘இல்லை’ என்றது 70. ஆக ஒப்புதல் 80 சதவீதம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது தற்செயலைப் பாருங்கள். இருவரும் ‘ஆம்’ என்பதற்கான தற்செயல் வாய்ப்பு 0.2 பெருக்கல் 0.2, அதாவது 0.04. இருவரும் ‘இல்லை’ என்பதற்கு 0.8 பெருக்கல் 0.8, அதாவது 0.64. கூட்டினால் 0.68. காயத்தைப் பார்க்காமலே 68 சதவீதம் ஒத்துப்போயிருப்பார்கள். காப்பா என்பது, கிடைத்த ஒப்புதலில் தற்செயலைக் கழித்து, ஒன்றில் தற்செயலைக் கழித்ததால் வகுப்பது. 0.80இல் 0.68 போக 0.12. ஒன்றில் 0.68 போக 0.32. வகுத்தால் 0.375.

அதே 80 சதவீதத்தை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 50 காயங்களை 3பி என்கிறார்கள், இருவரும் ‘ஆம்’ என்றது 40, இருவரும் ‘இல்லை’ என்றது 40. தற்செயல் 0.5. காப்பா 0.6. சதவீதம் மாறவில்லை, காப்பா எங்கேயோ போய்விட்டது. லேண்டிஸ், கோக் 1977இல் வகுத்த படி 0.21 முதல் 0.40 வரை சுமார் ரகம், 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம், 0.61 முதல் 0.80 வரை நன்று, அதற்கு மேல் மிக நன்று. இந்த எல்லைகளை அவர்கள் ஒரு வசதிக்காக வைத்தார்கள். சட்டம் மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆய்வு படிக்கும்போது இன்னும் இரண்டைக் கவனியுங்கள். சாதாரண காப்பாவுக்கு 3ஏ-யை 3பி என்பதும், முதல் வகையை 3சி என்பதும் ஒரே அளவுத் தவறு. நோயாளிக்கு அது ஒன்றல்ல, அதனால் தூரத்துக்கு ஏற்ப எடை போடும் காப்பா வேண்டும். அடுத்தது, ஒரே மருத்துவருக்கு அதே படங்களைச் சில வாரம் கழித்து வரிசை மாற்றிக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தன்னோடு தானே ஒத்துப்போகாதவர் மற்றவரோடு எப்படி ஒத்துப்போவார்?

கேள்வி: புதுச்சேரியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். கேஷுவாலிட்டியில் கிரேடு எழுதச் சொல்கிறார்கள். மறுநாள் யூனிட் சீஃப் மாற்றிவிடுகிறார். எதை, எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், புதுச்சேரி

பதில்: ‘தற்காலிக கிரேடு’ என்று தலைப்பிட்டு எழுதுங்கள், அடியில் நீங்கள் கண்டதை எழுதுங்கள். எண் மாறினாலும் நீங்கள் கண்டது மாறாது.

அடிபட்ட நேரம், வந்த நேரம், முதல் ஆன்டிபயாடிக் போன நேரம் மூன்றும் முதல் வரியில் இருக்கட்டும். அடுத்து காயம் எந்தப் பக்கம், முழங்கால் மூட்டுக் கோட்டிலிருந்து எத்தனை செ.மீ. கீழே, நீள அகலம் என்ன. பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ, கால் முழுவதும் தெரிய ஒரு போட்டோ. அதன் பிறகு சலைனில் நனைத்த காஸ் வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலம் போட்டு மூடிவிடுங்கள். வருகிற ஒவ்வொருவரும் கட்டைப் பிரித்துப் பார்ப்பது வார்டில் நடக்கும் மிகக் கெட்ட பழக்கம். கேஷுவாலிட்டியிலேயே பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம், அழுக்கு உள்ளேதான் போகும். கண்ணுக்குத் தெரியும் புல், கல், துணியை மட்டும் எடுத்தால் போதும்.

பாத மேல்பக்க நாடி, கணுக்காலின் உள்பக்க நாடி இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். கோணலாக இருக்கும் காலை நேராக்குவதற்கு முன்பு ஒருமுறை, பிறகு ஒருமுறை. நேராக்கியதும் நாடி திரும்பினால் அது 3சி இல்லை. முழங்காலுக்குக் கீழுள்ள மூன்று முக்கிய இரத்தக் குழாய்களில் ஒன்று அறுந்து, பாதம் சூடாக, சிவப்பாக இருந்தாலும் 3சி இல்லை. சீர்செய்யத் தேவையான குழாய் என்பதுதான் விதி, இதில் தடுமாறுபவர்கள் அதிகம். நாடி திரும்பவில்லை என்றால் கிரேடு பற்றி யோசித்து நிற்காதீர்கள், சீனியரை உடனே அழைக்க வேண்டும். தசைக்கு இரத்தம் இல்லாமல் தாங்கும் நேரம் சுமார் 6 மணி, அதில் பாதி ஆம்புலன்ஸிலேயே போயிருக்கும்.

உங்கள் சீஃப் மாற்றுவது பெரும்பாலும் சின்னக் காயத்தை நீங்கள் ‘1’ என்று எழுதியதாகத்தான் இருக்கும். வெளியே அரை செ.மீ. துளை, எக்ஸ்ரேயில் எலும்பு நொறுங்கியோ இரண்டு இடத்தில் முறிந்தோ இருந்தால், விசை பலமானது, அது மூன்றாம் வகை. பக்கத்துச் சிறிய எலும்பான ஃபிபுலாவும் அதே மட்டத்தில் முறிந்திருந்தால் உஷாராகுங்கள். வயல் மண், சாணம், சாக்கடை பட்டதும், அதிவேகத் துப்பாக்கிக் குண்டுக் காயமும், அளவு எதுவானாலும் நேரே மூன்றுதான். 8 மணி நேரத்துக்கு மேலான காயத்தையும் மூன்றில் சேர்க்கச் சொல்லும் புத்தகங்கள் உண்டு, சேர்க்காதவையும் உண்டு. இரண்டு யூனிட்டுகளுக்கு இடையே கிரேடு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் யூனிட் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்டிபயாடிக்கை கிரேடுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்பதே இலக்கு. ஒவ்வாமை இல்லாத பெரியவருக்குப் பொதுவாக செஃபாசோலின் 2 கிராம் நரம்பு வழியாக. சிதைவு பலமாக இருந்தால் கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கான மருந்தும், மண் சாணம் பட்டிருந்தால் காற்றில்லாமல் வளரும் கிருமிகளுக்கான மருந்தும் மருத்துவமனை நெறிமுறைப்படி சேரும்.

தியேட்டரில் உடனிருக்கும்போது தசையை நான்கு விதமாகப் பாருங்கள்: நிறம், இறுக்கம், கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் இரத்தம் கசிகிறதா. இந்த நான்கிலும் கை தேர வருடங்கள் ஆகும். தோல், எலும்பு, தசை, இரத்தக் குழாய், அழுக்கு என்று ஐந்தையும் தனித்தனியாக மதிப்பிடும், அமெரிக்க எலும்புக் காய மருத்துவர் சங்கத்தின் ஓ.டி.ஏ. முறை 2010இல் வந்தது. அதிலும் இரத்தக் குழாய் விஷயத்தில் எளிதாக ஒத்துப்போகும் மருத்துவர்கள் தசையில்தான் பிரிகிறார்கள். கழுவும் அளவு முதல் வகைக்கு 3 லிட்டர், இரண்டாவதற்கு 6, மூன்றாவதற்கு 9 என்பது பழக்கத்தில் வந்த கணக்கு. சலைன் போதும். 2015இல் வெளியான, 2,400 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஃப்ளோ ஆய்வில் சோப்புக் கரைசலால் கழுவியவர்களுக்கு மறு அறுவை கூடுதலாகத் தேவைப்பட்டது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியும் பலன் கூடவில்லை.

கழுவி, வெட்டி முடித்த பிறகு, கத்தியை வைத்தவர் எழுதும் கிரேடுதான் இறுதி. பழையதை அடித்துவிடாமல், தேதி நேரம் போட்டுப் புதியதைக் கீழே எழுதுங்கள்.

கேள்வி: கிரேடு 1 என்றால் தையல் போட்டு, மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம்தானே?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கூடாது. துளை சின்னதாக இருந்தாலும் எலும்பு ஒருமுறை வெளியே வந்து, சாலையைத் தொட்டு, உள்ளே போயிருக்கலாம். ஆன்டிபயாடிக், டெட்டனஸ் ஊசி, தியேட்டரில் கழுவுதல் மூன்றும் முதல் வகைக்கும் உண்டு. விரல் எலும்பின் சிறிய காயங்கள் மட்டும் சில நேரம் விதிவிலக்கு.

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு வின்ச்சில் கயிறு சுற்றி என் மகனுக்குக் கால் முறிந்தது. காயம் இரண்டு விரல் அகலம்தான். கிழிந்த காலோடு தண்ணீரிலும் விழுந்துவிட்டான். இரவோடு இரவாக ஆபரேஷன் என்றார்கள். பக்கத்து வார்டில் இதைவிடப் பெரிய காயக்காரரைக் காலையில்தான் எடுத்தார்கள். பணத்துக்காகவா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: இல்லை, அவர்கள் செய்தது முறைதான். தியேட்டருக்கு எப்போது எடுப்பது என்பதைக் காயத்தின் அகலம் தீர்மானிப்பதில்லை. அடிபட்ட 6 மணி நேரத்துக்குள் எல்லாரையும் எடுத்தே ஆக வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை. லேசான விசையில் ஏற்பட்ட காயத்துக்கு 24 மணி நேரம் வரையும், பலத்த விசைக் காயத்துக்கு 12 மணி நேரம் வரையும் அவகாசம் உண்டு. அனுபவம் உள்ள மருத்துவர் பகலில் செய்வது, யாரோ ஒருவர் நடுராத்திரியில் செய்வதைவிட நல்லது என்பதால் இந்த மாற்றம். ஆனால் வயல், சாக்கடை, கடல், ஆற்று நீர் பட்ட காயத்துக்கும், இரத்த ஓட்டம் தடைப்பட்ட காலுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

கடலும் உப்பனாறும் கலக்கும் முகத்துவாரம் போன்ற உப்புநீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் வாழும். வழக்கமாகப் போடும் செஃபாசோலின் மட்டும் அதற்குப் போதாது, டாக்சிசைக்ளினும் செஃப்டாசிடைம் போன்ற இன்னொன்றும் தேவைப்படலாம். எனவே ‘தண்ணீரில் விழுந்தான்’ என்பதை முதலில் பார்க்கும் மருத்துவரிடமும், மாற்றி அனுப்பினால் அடுத்தவரிடமும் சொல்லுங்கள். ஈரல் கோளாறு, நீண்டநாள் குடிப்பழக்கம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கிருமி உயிருக்கே ஆபத்து. ஒருநாளுக்குள் தோலில் இரத்தக் கொப்புளம், காயத்துக்குப் பொருந்தாத வலி, காய்ச்சல் வந்தால் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், ரவுண்ட்ஸ் வரை பொறுக்க வேண்டாம்.

கேள்வி: கரும்பு வெட்டும் இடத்தில் டிராக்டர் ஏறி ஆளுக்குக் கால் முறிந்து எலும்பு வெளியே வந்துவிட்டால், ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்யலாம்? எங்கள் பக்கம் மஞ்சள் வைத்துக் கட்டுவார்கள்.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பிறகு தியேட்டரில் அதையெல்லாம் தசை இழைகளுக்கு நடுவிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், கூடவே நல்ல சதையும் போகும்.

108க்குச் சொல்லிவிட்டு, மூடுவதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுங்கள். மருத்துவமனையில் அதைக் காட்டினால் கட்டைப் பிரிப்பது ஒருமுறையாவது குறையும். சுத்தமான வேட்டி அல்லது துண்டை மடித்து இரத்தம் வரும் இடத்தில் வைத்து, பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். அழுத்தியும் பீய்ச்சினால் மட்டும் காயத்துக்கு மேலே நான்கைந்து செ.மீ. அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். கம்பி, சணல் கயிறு கூடாது, நரம்பை அறுத்துவிடும்.

எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். உதிர்ந்த துண்டு கிடந்தால் சுத்தமான துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புங்கள், பயன்படுமா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி இரண்டு பக்கமும் கட்டை வைத்துக் கட்டுங்கள், தடித்த அட்டைப் பெட்டியை மடித்து வைத்தாலும் போதும். கொலுசு, மெட்டி, தண்டை இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். மயக்க ஊசி தேவைப்படும் என்பதால் சாப்பாடு, காப்பி கொடுக்காதீர்கள்.

நாட்டுக் கட்டுக்குப் போகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தோல் கிழிந்த முறிவுக்கு வேண்டவே வேண்டாம். மண்ணிலுள்ள காற்றில்லாக் கிருமிகளுக்கு இறுக்கி மூடிய காயம்தான் வசதி, ஓரிரு நாளில் கால் அழுகிவிடும். டெட்டனஸ் தடுப்பூசி முழுமையாகப் போட்டவராக இருந்தாலும், கடைசி ஊசி 5 வருடத்துக்கு முந்தையது என்றால் மண்பட்ட காயத்துக்கு ஒன்று போட வேண்டும். போட்டதே நினைவில்லை என்பவருக்கு அதோடு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் 250 யூனிட்டும் சேரும்.

தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் அரசு நிர்ணயித்த தொகை வரை இலவசம். அடிபட்டவர் எந்த ஊராக இருந்தாலும் உண்டு.

கேள்வி: வில்லியனூரில் லாரி மோதி என் மாமனாருக்கு 3பி முறிவு. ஒரு மருத்துவர் காலை எடுத்துவிடுவதுதான் நல்லது என்கிறார். இன்னொருவர் காப்பாற்றலாம் என்கிறார். கோயம்புத்தூரில் மார்க் போட்டு முடிவு செய்வார்களாமே, அது என்ன?
– வாசகி, வில்லியனூர்

பதில்: நீங்கள் கேட்பது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் உருவாக்கி 2006இல் வெளியிட்ட ஸ்கோர். இன்று வெளிநாடுகளிலும் பயன்படுத்துகிறார்கள். 3பி என்ற ஒரே பெட்டிக்குள் எளிதில் ஆறும் காயமும், காலையே இழக்க வேண்டிய காயமும் சேர்ந்து கிடப்பதுதான் அவர்களுக்கு உறுத்தியது.

அவர்கள் காயத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுக்கிறார்கள். மூடும் தோலில், தோல் இழப்பு இல்லாமல் காயம் முறிவுக்கு நேர்மேலே இல்லையென்றால் 1, இழப்பு இல்லாமல் முறிவு தெரிந்தால் 2, தோல் போயிருந்து முறிவுக்கு மேல் இல்லையென்றால் 3, முறிவுக்கு நேர்மேலேயே தோல் போயிருந்தால் 4, காலைச் சுற்றி வளையமாகத் தோல் போயிருந்தால் 5. எலும்பில் நேரான முறிவுக்கு 1, நொறுங்கியும் இழப்பு இல்லையென்றால் 3, 4 செ.மீ.க்குள் இழப்புக்கு 4, அதற்கு மேல் 5. தசை, தசைநாண், நரம்பில் பகுதிக் காயத்துக்கு 1, முழுதாக அறுந்தும் தைக்க முடியுமென்றால் 2, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தசை அறைகள் (ஒரே உறைக்குள் இருக்கும் தசைத் தொகுதிகள்) போயிருந்தால் 5. இதோடு, ஆறுவதைக் கெடுக்கும் ஏழு நிலைமைகளில் இருப்பவற்றுக்குத் தலா 2: கழுவி வெட்டும் அறுவை 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானது, சாக்கடை அல்லது தொழுவ அழுக்கு, வயது 65க்கு மேல், மருந்து எடுக்கும் சர்க்கரை நோய் அல்லது இதய நுரையீரல் நோய், நெஞ்சு வயிற்றில் பலத்த அடி, வரும்போது மேல் இரத்த அழுத்தம் 90க்குக் கீழ், அதே காலில் இன்னொரு பெரிய காயம்.

மொத்தம் 14 அல்லது குறைவு என்றால் காலைக் காப்பாற்றலாம். 17 அல்லது கூடுதல் என்றால் எடுப்பதே நல்லது. 15, 16 இரண்டும் இழுபறி, அங்கே அனுபவமும் நோயாளியின் விருப்பமும் பேச வேண்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். முறிவின் மேலேயே தோல் இல்லை, 4. எலும்பு நொறுங்கியிருக்கிறது, 3. தசைநாண் அறுந்தும் தைக்கலாம், 2. ஆக 9. சர்க்கரைக்கு 2, தாமதத்துக்கு 2, மொத்தம் 13, காப்பாற்றலாம். விழுந்த இடம் சாக்கடை ஓரம் என்றால் இன்னொரு 2 சேர்ந்து 15, இழுபறியாகிவிடும். உங்கள் மாமனாருக்குச் சொல்லும் இரு மருத்துவர்களும் இந்தக் கோட்டின் இரண்டு பக்கம் நிற்கிறார்களோ என்னவோ. இருவரிடமும் மொத்தத்தைக் கேட்காமல், எந்தப் பிரிவில் எத்தனை போட்டார்கள் என்று கேளுங்கள். எங்கே பிரிகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் தசைப் பிரிவில்தான் இருக்கும், அதை ஒருமுறை தியேட்டரில் திறந்து பார்த்தால் தீர்த்துவிடலாம்.

இந்த ஸ்கோர் 3ஏ, 3பி கால்களுக்காக உருவானது; இரத்தக் குழாய் அறுந்த 3சி-க்குப் பொருத்தாதீர்கள். 1990 முதல் புழங்கும் ‘மெஸ்’ என்ற ஸ்கோரில் 7 அல்லது கூடுதல் என்றால் எடுப்பது என்பார்கள். அதில் இரத்த ஓட்டக் குறைவுக்கும் அதிர்ச்சி நிலைக்கும் கனம் கூடுதல் என்பதால், ஓட்டம் நன்றாக இருந்தும் தோலும் எலும்பும் போன 3பி காலைப் பற்றி அது அதிகம் சொல்லாது. காலை எடுப்பதா என்பதை எந்த எண்ணை வைத்தும் ஒருவர் மட்டும் முடிவு செய்ய வேண்டாம், உயிர் ஆபத்து இல்லாதவரை எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து பார்க்கட்டும்.

கேள்வி: விபத்து வழக்கு நடக்கிறது. சம்மரியில் ‘3ஏ’ என்று இருப்பதை ‘3பி’ என்று மாற்றி வாங்கினால் நஷ்டஈடு கூடும் என்கிறார் ஒருவர். உண்மையா?
– வாசகர், பாகூர்

பதில்: மாற்றி வாங்காதீர்கள், அது ஆவணத்தைத் திருத்துவது. பலனும் இல்லை. காயச் சான்றிதழில் வரும் ‘சாதாரணம், கொடுங்காயம்’ என்ற பிரிவுக்கும் இந்தக் கிரேடுக்கும் தொடர்பே கிடையாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் எலும்பு முறிவு எதுவானாலும் கொடுங்காயம்தான், முதல் வகையும் 3பி-யும் அங்கே ஒன்று. நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் பார்ப்பது சிகிச்சைச் செலவு, வேலை இழந்த காலம், சிகிச்சை முடிந்த பிறகு மிஞ்சும் நிரந்தர ஊனம், அந்த ஊனம் உங்கள் குறிப்பிட்ட தொழிலின் வருமானத்தை எவ்வளவு குறைக்கிறது என்பவற்றைத்தான். கணுக்கால் மடங்காதது கணக்காளருக்கும் கட்டட வேலைக்காரருக்கும் ஒரே இழப்பு அல்ல.

கிரேடு மாறி மாறி இருப்பதை எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்டால், அதற்குப் பதில் ஆபரேஷன் நோட்ஸில் இருக்கும். அதன் நகல், முதல் நாள் எக்ஸ்ரே, காயத்தின் போட்டோ, ஒவ்வொரு மருத்துவமனையின் அனுமதிச் சீட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். எல்லையிலுள்ள ரெட்டிச்சாவடி தாண்டி மருத்துவமனை மாறியவர்களுக்குத் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டின் காகிதங்களும் சேரும். எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ கேஸ்) பதிவு எண், வழக்குப் பதிவான காவல் நிலையம், குற்ற எண் மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் ஆகுமுன் சரிபாருங்கள். வழக்கு இழுப்பது பெரும்பாலும் இங்கே வரும் பிழையால்தான்.